சிவபுரத்துப் பிரதி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் என்று ஒரு சிற்றூர். 1951-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றில் ஒருவர் நடராசர். கோயிலில் எழுந்தருளச் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லித் திருமேனி ஒரு பட்டறைக்குப் போயிற்று. திரும்பி வந்தது வேறு நடராசர். அசலை எதிரே வைத்துக்கொண்டு வார்த்த பிரதி. ஊருக்கு அது தெரியாது. அந்தப் பிரதிக்கு விளக்கேற்றினார்கள், மாலை சாத்தினார்கள், குழந்தைகளைக் கூட்டிவந்து கும்பிட்டார்கள்.

1965-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். சிவபுரத்துக் கோயிலில் இருக்கும் நடராசர் சோழர் காலத்தது அல்ல, நம் காலத்தில் செய்த பிரதி என்று அதில் எழுதினார். அசல் அதற்குள் பம்பாய்க்குப் போய்விட்டிருந்தது. அங்கிருந்து நியூயார்க். 1973-இல் நார்டன் சைமன் என்ற அமெரிக்கச் செல்வரின் அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குப் போட்டது, சமரசம் ஏற்பட்டது, பத்தாண்டு அங்கேயே காட்சிக்கு இருந்துவிட்டு 1986-இல் நடராசர் நாடு திரும்பினார்.

இந்தக் கதையில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது திருட்டு அல்ல. திருட்டுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு பிரதி, அத்தனை பேர் கண்முன்னால், அத்தனை காலம் அசலாக நின்றது என்பதுதான். செய்தவன் கைத்திறன் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்த்த கண் எப்படிப்பட்டது என்ற கேள்வியும் அதே அளவுக்குப் பெரியது. வார்த்தவன், அந்த ஊரின் கண்ணைத் தாண்டும் அளவுக்குச் செய்தான். அதற்கு மேல் செய்ய அவனுக்குத் தேவை ஏற்படவில்லை. பாரெட்டின் கண்ணுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

பல வருஷம் கழித்து, இயந்திரங்கள் படம் வரைவதையும் எழுதுவதையும் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, சிவபுரம் வேறு உருவத்தில் எதிரே வந்து நின்றது.

2014-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இயன் குட்ஃபெல்லோவும் உடனிருந்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கணினிக்குள் இரண்டு நரம்புப் பின்னல்களை, அதாவது உதாரணங்களிலிருந்து கற்கும் நிரல்களை, எதிரெதிரே உட்கார வைப்பது அவர்கள் யோசனை. ஒன்று செய்பவன், எந்தப் பொருளும் இல்லாத எண் குப்பையிலிருந்து ஒரு முகத்தையோ ஒரு எழுத்தையோ உருவாக்கித் தருவான். மற்றொன்று சோதிப்பவன், கையில் கொடுத்தது அசலா, செய்பவன் செய்ததா என்று சொல்ல வேண்டும். செய்பவன் ஏமாற்றப் பார்க்கிறான், சோதிப்பவன் ஏமாறாமல் இருக்கப் பார்க்கிறான். ஒருவன் தோற்ற இடத்திலிருந்து கற்கிறான். அதனால் மற்றவனும் கற்றாக வேண்டியிருக்கிறது. கள்ள நோட்டு அடிப்பவர்களையும் போலீஸையும் அந்தக் கட்டுரை உவமையாகச் சொல்கிறது. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு நோட்டு வரைக்கும் போக வேண்டியதில்லை, சிவபுரம் போதும்.

இது ஆட்டக் கோட்பாட்டின் பழைய சொத்து. 1928-இல் ஜான் வான் நாய்மன், ஒருவன் வெல்வதெல்லாம் மற்றவன் இழப்பதாக இருக்கும் இரண்டு பேர் ஆட்டத்தில், இருவருக்கும் ஒரு சிறந்த நிலை உண்டு என்று நிரூபித்தார். 1950-இல் ஜான் நாஷ் அதை விரித்தார்: எத்தனை பேர் ஆடினாலும், தான் மட்டும் தன் வழியை மாற்றிக்கொண்டு யாரும் லாபம் அடைய முடியாத ஒரு சமநிலை உண்டு. குட்ஃபெல்லோவின் ஆட்டத்தில் அந்தச் சமநிலை எது? செய்பவன் செய்வதும் அசலும் ஒன்றுபோலாகி, சோதிப்பவன் எதைப் பார்த்தாலும் பாதிக்குப் பாதி என்று மட்டுமே சொல்ல முடிகிற நிலை. காகிதத்தில் இது அழகான முடிவு. நடைமுறையில் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவது கொடுமையான வேலை என்று அடுத்த சில ஆண்டுகளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஏன் என்று எனக்கு விளங்க வைத்தது என் அப்பாயியின் நினைவு. கோயில் பிரகாரத்துக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கியிருப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கத்துக்கும் வேலை வேறு, பலம் வேறு. அப்பாயி வீட்டுத் திண்ணையில் கரியால் கோடு போட்டுப் புலியை எடுத்துக்கொள்வார். ஆரம்பத்தில் சீக்கிரமே என் ஆடுகளைத் தின்று தீர்த்துவிடுவார். நான் எதையும் கற்கவில்லை. எந்த ஆட்டை எங்கே வைத்தாலும் தோல்விதான் என்றால், எங்கே வைத்தது பிழை என்று எப்படித் தெரியும்? பிறகு அவரே வேகத்தைக் குறைத்தார். வெட்டக்கூடிய ஆட்டை இரண்டு மூன்று முறை விட்டுக் கொடுத்தார். அப்புறம்தான், இரண்டு ஆடு ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் புலி தாண்ட முடியாது என்பது எனக்குப் பிடிபட்டது. அது பிடிபட்டதும் அப்பாயி விட்டுக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இயந்திரத்துக்குள்ளும் நடப்பது இதுதான். சோதிப்பவன் மிகவும் கெட்டிக்காரனாகிவிட்டால், செய்பவன் எதைக் கொடுத்தாலும் பூஜ்யம். கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சோதிப்பவன் மந்தமாக இருந்தால் சிவபுரம். இருவரும் ஒரே சமயத்தில் ஒரே வேகத்தில் நகர்ந்தால் இன்னொரு வினோதம்: நடுப்புள்ளியை நோக்கிப் போவதற்குப் பதில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் வெளியே போவார்கள். மிக எளிய ஆட்டத்தில்கூட இப்படி நேர்வதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2017-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சிலர், இருவருக்கும் வெவ்வேறு வேகம் கொடுத்தால் சமநிலை ஒன்றில் ஒடுங்குவதாகக் காட்டினார்கள். அப்பாயி திண்ணையில் வேகத்தை மாற்றியதும் அதற்குத்தான்.

வேகம் ஒரு பக்கம். அதைவிட ஆழமான கோளாறு சோதிப்பவன் பேசும் பாஷையில் இருந்தது. அவன் 'அசல்' அல்லது 'போலி' என்று மட்டும் சொன்னான்.

தை, மாசி அறுவடை நேரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனவர்களுக்கு இந்தக் கோளாறு புரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த வருஷங்களில் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், சில வருஷம் கிடைக்கும். ஒரு முறை சித்தப்பாவோடு ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். பருவம் தப்பிய மழையில் நனைந்து, வாசலில் கொட்டிக் காயவைத்து அள்ளிய நெல். கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரம், காயவச்சு எடுத்தா" என்றார்கள். மறுநாளும் அதே சொல். கருவியில் விழுந்த எண்ணை யாரும் சொல்லவில்லை. 18 என்று சொல்லியிருந்தால் ஒரு பகல் வெயில் போதும். 22 என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் புரட்டிப் போட வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். ஈரம் என்ற ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிட்டதால் சித்தப்பா இரண்டு நாளும் இரவு களத்திலேயே படுத்துக் கிடந்தார்.

கணிதத்தில் இதைச் சொல்வது இப்படி. அசல்களின் கூட்டம் ஒரு பரவல், செய்பவன் தருபவை இன்னொரு பரவல். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கப் புள்ளியியலில் பல அளவுகோல்கள் உண்டு. முதல் கட்டுரையின் ஆட்டம் மறைமுகமாகப் பயன்படுத்திய அளவுகோல், இரண்டு குவியல்களும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தால், ஒரு கஜ தூரத்தில் கிடந்தாலும் ஒரு காத தூரத்தில் கிடந்தாலும், ஒரே எண்ணைத்தான் சொல்லும். வேறு, வேறு, வேறு. கற்பவன் எந்தப் பக்கம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு அதில் வழி இல்லை. நம் ஊர் வாய்க்கால்காரர்கள் சொல்லும் சொல்லே இதற்குச் சரி: வாட்டம் இல்லை. வாட்டம் இல்லாத இடத்தில் தண்ணீர் நகராது, தேங்கி நிற்கும்.

2017-இல் மார்ட்டின் அர்ஜோவ்ஸ்கி, சௌமித் சின்தாலா, லியோன் பொத்தூ மூவரும் அளவுகோலையே மாற்றினார்கள். சின்தாலா வேலூரில் பொறியியல் படித்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலின் செல்லப் பெயர் 'மண் நகர்த்தும் தூரம்'. இந்தப் பெயரை முதலில் படித்த அன்று, எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நின்று யாரோ வைத்த பெயர் என்றே தோன்றியது.

அதன் வேர் 1781-இல் இருக்கிறது. காஸ்பார் மோன்ழ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், ஒரு இடத்தில் வெட்டிய மண்ணை இன்னொரு இடத்தில் கரையாகக் கொட்ட வேண்டும் என்றால், எந்தக் கூடையை எங்கே கொண்டுபோனால் மொத்த நடை மிகக் குறையும் என்று கேட்டார். 1942-இல் சோவியத் ருஷ்யாவின் லியோனிட் கன்டரோவிச் அதற்கு ஒழுங்கான விடை கொடுத்தார். பொருள்களைப் பங்கிடும் கணக்குக்காக 1975-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் என்று எதிர்பார்த்துச் சித்திரை, வைகாசியில் டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் தூர் வாருவார்கள். அங்கே மண் வேலைக்குக் கணக்கெழுதிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெட்டிய மண்ணின் கன அளவு மட்டும் போதாது. எவ்வளவு தூரம் சுமந்தார்கள், எவ்வளவு உயரம் ஏற்றினார்கள் என்று லீடு, லிஃப்ட் இரண்டும் சேர்த்தால்தான் கூலி வரும். ஒரே அளவு மண். பக்கத்து வரப்பில் போட்டால் ஒரு கூலி, பர்லாங் தள்ளிப் போட்டால் இன்னொரு கூலி. மோன்ழின் கேள்வி முழுவதும் இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது.

இப்போது செய்பவன் கொடுத்ததை ஒரு மண்மேடு என்றும், அசலை இன்னொரு மண்மேடு என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதை இரண்டாவதாக மாற்ற எத்தனை கூடை, எத்தனை தூரம்? அதுதான் பிழையின் அளவு. தள்ளிக் கிடந்தால் அதிகம், கிட்டே வந்தால் குறைவு. ஒவ்வோர் அடிக்கும் எண் இறங்கும். வாட்டம் கிடைத்துவிட்டது. தண்ணீர் ஓடுகிறது.

இதற்குச் சோதிப்பவன் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவன் இனி நினைத்த இடத்தில் செங்குத்தாக மதிப்பெண்ணை ஏற்றி இறக்கக் கூடாது. பொருள் கொஞ்சம் மாறினால் மதிப்பெண்ணும் கொஞ்சம்தான் மாறலாம். இந்தக் கட்டுப்பாட்டை எப்படி அமல்படுத்துவது என்பதைச் சுற்றி மட்டும் அடுத்த இரண்டாண்டுகளில் ஏகப்பட்ட கட்டுரைகள். நான் அவற்றில் பாதியைத்தான் புரிந்துகொண்டேன். புரிந்த பாதியில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று: ஆக்கும் இயந்திரத்தை மேம்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பல வேலைகள் உண்மையில் சோதிக்கும் கண்ணை மேம்படுத்திய வேலைகள். செய்பவனை யாரும் தனியாகக் கூப்பிட்டு நன்றாகச் செய் என்று சொல்லவில்லை. பார்ப்பது நன்றாகிவிட்டது, செய்வதும் நன்றாயிற்று.

பார்ப்பது நன்றாவது என்றால் என்ன என்பதற்குப் பத்தூர் வழக்கை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1976-இல், அப்போதைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த நடராசர், கை மாறிக் கை மாறி லண்டன் போய், பொய்யான பூர்வீகச் சீட்டோடு ஒரு கனடிய நிறுவனத்திடம் விற்கப்பட்டார். லண்டன் போலீஸ் கைப்பற்றியது. 1988-இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே சாட்சி சொல்லப் போனவர்களில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரா. நாகசாமியும் ஒருவர். நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி, சிலை பழையதா புதியதா என்பது அல்ல. பழையது என்பதில் சந்தேகமே இல்லை. இந்த நடராசர் பத்தூர்க் கோயிலைச் சேர்ந்தவர்தானா? அந்த இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இவருக்கு உறவு உண்டா? வார்ப்பின் பாணி, உலோகம், ஒட்டியிருந்த மண் எல்லாம் பேசப்பட்டன. ஒரு சொல்லில் முடியாத பதில். எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு கிட்டே என்று நிறுத்து நிறுத்துச் சொல்ல வேண்டிய பதில். அப்படிப் பார்க்கும் கண் நம்மிடம் இருந்தது. அதனால் அவர் நாடு திரும்பினார்.

இதே ஆட்டத்துக்கு இன்னொரு நோய் உண்டு. அது கலைக்கூடத்து நோய் அல்ல, வயல் நோய்.

செய்பவன் ஒரு நாள் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடிக்கிறான். ஆயிரம் விதமான முகம் செய்வதை விட, சோதிப்பவனைத் தாண்டிய ஒரே ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். ஒவ்வொன்றாகப் பார்க்கும் சோதிப்பவனுக்கு இது தெரியாது. கையில் இருக்கும் ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது! ஆய்வாளர்கள் இதை வகைகள் ஒடுங்கிப்போவது என்கிறார்கள்.

தஞ்சைக்கு இது புதிதல்ல. 1960-61-இல் இந்தியாவில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. பாக்கேஜ் திட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 அந்தப் பத்தாண்டில் குறுவைக்கு வந்தது. பிறகு மற்ற ரகங்கள். பசிக்கு அன்று அது தேவை, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சோதிப்பவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: ஏக்கருக்கு எத்தனை மூட்டை? அந்தக் கேள்வியைத் தாண்டிய நான்கைந்து ரகங்கள் டெல்டா முழுக்கப் பரவின. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கருங்குறுவை, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி எல்லாம் வரப்போரத்துக்குப் போய், அப்புறம் பெயராக மட்டும் மிஞ்சின. வெள்ளத்தில் நிற்பது எது, வறட்சி தாங்குவது எது, பிள்ளை பெற்றவளுக்கு வடித்துப் போடுவது எது என்று பழைய விவசாயி கேட்ட பத்துக் கேள்விகளைக் கேட்க ஆள் இல்லை.

2016-இல் இயந்திர உலகம் கண்டுபிடித்த மருந்து எளிமையானது: சோதிப்பவன் ஒன்றைப் பார்க்கக் கூடாது, ஒரு கைப்பிடியை மொத்தமாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அதுவே போலி என்பதற்குச் சாட்சி. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2006-இல், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கிவிட்டது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊக்கம் கொடுக்க, நெல் ஜெயராமன் நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை. அடுத்த வருஷம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் ஜெயராமன் மறைந்தபோது 150-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டு வந்திருந்தன. கைப்பிடியை மொத்தமாகப் பார்க்கச் சொன்ன மனிதர் அவர்.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். செய்பவனின் குவியலை அசல் குவியலோடு ஒப்பிட இன்று அதிகம் பயன்படும் எண், சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. சிதறலையும் சேர்த்துப் பார்க்கிறது. பயிர்க் காப்பீட்டில் கிராமத்துச் சராசரியை வைத்து இழப்பீடு வருகிற முறையில் அடிபட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிராமத்தில் பாதி வயல் முழுகிப் பாதி நன்றாக விளைந்தால், சராசரி என்னவோ கௌரவமாகத்தான் நிற்கும். முழுகியவனுக்கு ஒன்றும் கிடையாது.

படம் வரையும் இயந்திரங்களில் 2020-க்குப் பிறகு வேறொரு முறை மேலே வந்துவிட்டது. இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து உருவத்தை வெளிக்கொண்டுவரும் முறை அது. குட்ஃபெல்லோவின் ஆட்டம் பின்னுக்குப் போயிற்று. ஆனால் சோதிப்பவன் போய்விடவில்லை. அவன் எழுதும் இயந்திரங்களுக்குள் குடியேறிவிட்டான்.

இன்று கேள்விக்குப் பதில் எழுதும் இயந்திரங்களுக்கு இப்படிப் பயிற்சி தருகிறார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பதில். ஒரு மனிதர் பார்த்து எது மேல் என்கிறார். இப்படி ஆயிரமாயிரம் ஜோடிகள். ஜோடித் தீர்ப்புகளை மதிப்பெண்ணாக மாற்ற 1952-இல் பிராட்லி, டெர்ரி என்ற இரு புள்ளியியலாளர்கள் தந்த சூத்திரம் உதவுகிறது. அந்த மதிப்பெண்களிலிருந்து ஒரு சோதிப்பவனைப் பழக்குகிறார்கள். பிறகு எழுதும் இயந்திரம் அவனுக்குப் பிடிக்கும்படி எழுதக் கற்கிறது.

இங்கே புள்ளியியல் ஒரு சத்தமில்லாத முடிவை எடுத்துவிடுகிறது: எல்லோருக்கும் பொதுவாக ஒரே மதிப்பெண் வரிசை உண்டு என்று. உண்டா? ஒரு வீட்டில் மூன்று பேர். அப்பாவுக்குக் கிச்சிலிச் சம்பா முதல், சீரகச் சம்பா அடுத்து, மாப்பிள்ளைச் சம்பா கடைசி. அம்மாவுக்குச் சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலி. மகனுக்கு மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலி, சீரகச் சம்பா. இரண்டிரண்டாக ஓட்டுக்கு விடுங்கள். கிச்சிலி சீரகத்தை இரண்டுக்கு ஒன்று என்று வெல்லும். சீரகம் மாப்பிள்ளையை அதேபோல வெல்லும். மாப்பிள்ளை கிச்சிலியை வெல்லும். வட்டம். இந்த வீட்டில் எந்த அரிசி சிறந்தது என்று ஒரே எண்ணில் யாராலும் எழுத முடியாது. எழுதினால் யாரோ ஒருவருடைய நாக்கை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

2023-இல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு நாஷிடம் திரும்பிப் போனார்கள். ஜோடித் தீர்ப்புகளையே ஓர் ஆட்டமாக வைத்து, அதன் சமநிலையைத் தேடினார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு அந்தச் சமநிலை என்ன சொல்லும் தெரியுமா? மூன்று அரிசியையும் மூன்றில் ஒரு பங்காக மாற்றி மாற்றிச் சமைக்கச் சொல்லும். ஒரே ரகத்தைப் போடாதே, கலந்து போடு. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

இந்த இடத்தில் தமிழைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

ஓர் எழுதும் இயந்திரத்திடம் தாளடி என்றால் என்ன என்று கேட்டேன். காகிதத்தின் அடிப்பகுதி என்ற பொருளில் அழகான நாலு வரி எழுதித் தந்தது. இலக்கணப் பிழை இல்லை, சந்திப் பிழைகூட இல்லை. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அதன் மேல் இரண்டாம் போகம் நடுவதால் வந்த பெயர் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அதைவிட வருத்தம், அந்த நாலு வரியை டெல்டா தாண்டி யாரிடம் காட்டினாலும் சரி என்றே சொல்லியிருப்பார்கள். சிவபுரத்தில் நின்ற பிரதிதான் அது. வார்ப்பு சுத்தம். பார்க்கும் கண் இல்லாததால் நிற்கிறது.

கண்ணுக்கு அசல் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு, 2014 செப்டம்பரில் திரும்பி வந்தார். அடையாளம் காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகக் கோயில் கோயிலாக எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். யாரோ ஒருவர் ஒரு நாள் வெயிலில் நின்று படம் எடுத்திராவிட்டால், ஆள் யார் என்று சொல்ல வழி இருந்திருக்காது. தமிழுக்கும் அப்படிப்பட்ட படங்கள் வேண்டும். நடவுப் பெண்கள் பேசுவது, களத்தில் அளக்கிறவர் சொல்வது, சுவாமிமலைப் பட்டறையில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கும்போது சொல்கிற சொற்கள், மெழுகுக் கருவின் மேல் காவிரி வண்டலைப் பூசும்போது சொல்கிறவை. அச்சில் இவை மிகக் கொஞ்சம். அச்சில் இல்லாததை இயந்திரம் பார்த்திராது, சோதிப்பவனும் பார்த்திரான்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இயந்திரம் எழுதிய தமிழ் இனி உங்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கும்: பாடப் புத்தகத்தில், வங்கிக் கடிதத்தில், மருந்துச் சீட்டில். தப்பு என்று ஒரு சொல் சொல்லித் தள்ளிவிடாதீர்கள். சித்தப்பாவிடம் ஈரம் என்று சொன்னதுபோல ஆகிவிடும். எந்தச் சொல் தப்பு, எவ்வளவு தப்பு, உங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பக்கத்து ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இன்றே உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்றங்காலில் தொடங்கிக் கண்டுமுதல் வரைக்கும் அவர் சொல்கிற சொற்களை அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.